மலைத் தக்காளியும் மணல் நிலமும்

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பழைய மலைச்சாலையின் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதன் மேல்முனை கடல் மட்டத்திற்கு 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவு வந்தால் கம்பளி வேண்டும். கீழ்முனையில் விசிறி இல்லாமல் உறங்க இயலாது. மேலே தக்காளிச் செடி கொத்துக் கொத்தாய்க் காய்த்துச் சுமை தாளாமல் ஊன்றுகோலில் சாய்கிறது. கீழே அதே தக்காளி ஆளுயரம் வளர்ந்து, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து, அத்தனை பூவையும் மண்ணில் உதிர்த்துவிட்டு வெறுமனே நிற்கிறது. இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் ஒரு செடியின் வாழ்வு இவ்வாறு மாறுவது ஏன்?

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து பிறந்ததன்று. என் தாயாரிடமிருந்து பிறந்தது.

என் தந்தையார் தாப்பா வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எங்கள் லயத்துக்கு அப்பால் கைவிடப்பட்ட ஈய லம்பம் ஒன்று இருந்தது. ஈயத்தை எடுத்துக்கொண்டு எஞ்சிய மணலைக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கும் அம்மணல், நண்பகலில் வெறுங்காலை வைக்க விடாது. எங்கள் வீட்டுப் பின்புறமும் அம்மணலின் தொடர்ச்சியே. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த என் அத்தை, தீபாவளிக்கு இறங்கி வரும்போதெல்லாம் ஒரு கூடைத் தக்காளி கொண்டு வருவார். என் தாயார் அவற்றுள் நல்ல பழமாகப் பார்த்து எடுத்து, விதையைச் சாம்பலில் பிசைந்து உலர்த்தி, வீட்டுப் பின்புறத்தில் ஊன்றுவார். செடி வளரும், பூக்கும், உதிரும். கண்ணேறு பட்டதென்று கரும்புள்ளி செம்புள்ளி குத்திய சட்டியைக் கவிழ்த்து வைத்தும் பார்த்தார். பயனில்லை. “மேலே உங்க அத்தைக்குக் காய்க்குது. எனக்கு மட்டும் ஏன்டா காய்க்கல? நான் என்ன குத்தம் செஞ்சேன்?” என்று ஒருநாள் என்னைக் கேட்டார். பள்ளிக்குப் போகிற பிள்ளை என்பதனால் விடை தெரிந்திருக்கும் என்று எண்ணினார் போலும். எனக்குத் தெரியவில்லை.

பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து, அதே மலையில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியேற்ற பிறகே, விடையைத் தேடத் தலைப்பட்டேன். தேடப் புகுந்தபோது அது ஒரு செடியின் கதையாக மட்டும் இருக்கவில்லை. நம்மவர் இந்நாட்டில் மண்ணோடு கொண்ட உறவின் கதையாகவும் அது விரிந்தது.

பெயர் பழையது, பழம் புதியது

தக்காளி என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. வேலியோரங்களில் தானே முளைத்துக் கருநிறச் சிறுகனி தரும் மணத்தக்காளியை நம் பாட்டிமார் வாய்ப்புண்ணுக்கு மருந்தாகக் கையாண்டனர். கடல் கடந்து வந்த சிவந்த பெரும்பழத்தைக் கண்டபோது, இனச்சாயல் நோக்கி அதனைச் ‘சீமைத் தக்காளி’ என்றனர். பின்னர்ச் ‘சீமை’ உதிர்ந்தது, தக்காளி நின்றது. வந்தேறிய பழம் நம் ரசத்திலும் குழம்பிலும் கலந்து, அது இல்லாமல் சமையல் ஏது என்று கேட்கும் அளவுக்கு நம்முடையதாகிவிட்டது.

அதன் தாயகம் தென்னமெரிக்காவின் மேற்குக்கரை. பெரு, ஈக்வடார் நாடுகளில், ஆண்டீசு மலைத்தொடருக்கும் பசிபிக் கடலுக்கும் இடைப்பட்ட வறண்ட நிலங்களில் அதன் காட்டினங்கள் இன்றும் வளர்கின்றன. பயிராக்கி வளர்த்துப் பெரும்பழமாக்கிய பெருமை மெக்சிகோவின் பழங்குடி மக்களுக்கு உரியது. அவர்களுடைய நாவட்டில் மொழிச் சொல்லாகிய ‘தொமாட்டில்’ என்பதே ஐரோப்பிய மொழிகளில் இப்பழத்தின் பெயராயிற்று. இசுபானியர் மெக்சிகோவின் தலைநகரை 1521-இல் கைப்பற்றினர். 1544-இல் மத்தியோலி என்னும் இத்தாலிய மருத்துவர் தம் நூலில் இப்பழத்தைக் குறிப்பிட்டார். நச்சுச்செடிகள் பல அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் ஐரோப்பியர் பலர் இதனை நெடுங்காலம் அஞ்சி ஒதுக்கினர். 1753-இல் லின்னேயசு இதனைக் கத்திரியும் உருளைக்கிழங்கும் அடங்கிய பேரினத்திலேயே சேர்த்தார். இடையில் பிரித்து வைத்தோர் உளர். இன்றைய மரபணு ஆய்வாளர் மீண்டும் லின்னேயசின் பக்கமே வந்து சேர்ந்துள்ளனர்.

ஈண்டு ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும். தக்காளியின் முன்னோர் வாழ்ந்த பெரு நாட்டுக் கரையோரம் மணலும் வறட்சியும் நிறைந்தது. எனவே மணல் தக்காளிக்குப் பிறவிப்பகை அன்று. ஆனால் அக்கரையை ஒட்டிக் குளிர்ந்த கடல்நீரோட்டம் ஓடுகிறது. மழை அருகியது, இரவு தணிந்தது. நம் தாழ்நிலத்திலோ மணல் உண்டு, வெயில் உண்டு, தணிந்த இரவு இல்லை, வான்மழைக்கும் குறைவில்லை. என் தாயார் குறை கண்டது மண்ணில். குறை இருந்ததோ இரவில்.

மலை திறந்த கதை

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் பகாங்–பேராக் எல்லை மலைகளில் பயணம் செய்து, மேட்டுச் சமவெளி ஒன்றைக் கண்டதாக எழுதினார். மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. எனினும் நாற்பது ஆண்டுகள் அம்மலை காடாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்த பின்னரே மலைவாழிடம் அமைக்கும் முயற்சி வலுப்பெற்றது. அதே ஆண்டில் தானா ராத்தாவில் வேளாண்மைச் சோதனை நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. சிங்கோனா, தேயிலை, காப்பி, காய்கறி, பழங்கள் ஆகியவை அம்மலையில் விளையுமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். அந்நிலையம் இன்று மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை வளர்த்த பட்டறிவுடைய ஏ.பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து செல்லும் சாலை 1931-இல் திறக்கப்பட்டது. 1933-இல் வட இந்தியரான அகர்வால் குடும்பத்தார் பாரத் தோட்டத்தை நிறுவினர். இவையெல்லாம் ஏடுகளில் உள்ள செய்திகள். காட்டை வெட்டியவர், சரிவில் வரிசை பிடித்து நாற்று நட்டவர், விடியற்பனியில் கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்தெடுத்தவர் யார் என்பதைத் தனித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுள் பெரும்பாலோர் நம்மவர். தேயிலையின் வரலாற்றில் அவர்கள் தொகையாக வருகிறார்கள், பெயராக வருவதில்லை. லயத்துப் பின்புறம் அவர்கள் வளர்த்த காய்கறியோ தொகையாகக்கூட வருவதில்லை.

பள்ளத்தாக்குகளில் பெருமளவில் காய்கறி பயிரிட்டு விற்றவர்கள் சீன உழவர்கள். மலைத் தக்காளியைக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு சேர்த்த பெருமை அவர்களுடைய உழைப்புக்கு உரியது. நம்மவர் வளர்த்தது சந்தைக்காக அன்று, அடுப்புக்காக. இவ்வேறுபாடே பின்னர் நான் கூறப்போகும் சுவை பற்றிய செய்திக்கு அடிப்படையாகும்.

ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு

அடுப்புக்காக வளர்த்த அத்தோட்டத்துக்குச் சட்டத்திலும் ஓர் இடம் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால மலாயாவின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று விதித்திருந்தது. ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பதினாறில் ஒரு பங்கு ஏறத்தாழ 2,700 சதுர அடி.  அது உரிமை நிலமன்று. உழைக்கும் காலம்வரை கைப்பாங்காக வைத்துக்கொள்ளும் நிலம். சட்டத்தின் எழுத்து எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிறைவேறியது என்று கொள்வதற்கில்லை. எனினும், பிறர் நிலத்தில் பிறர் பயிரை வளர்த்த மக்களுக்குத் தம் விருப்பப்படி எதை விதைப்பது என்று முடிவு செய்ய வாய்த்த ஒரே நிலம் அதுதான்.

அதன் அருமை நெருக்கடிக் காலத்தில் விளங்கிற்று. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் வீழ்ந்து கூலி குறைந்தபோது கீரைப்பாத்தி கைகொடுத்தது. 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை உதவியளித்து மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் இங்கிருந்தோர் இங்கேயே வேர்விடும் நிலை உருவாயிற்று. சப்பானியர் ஆட்சிக்காலத்தில், அரிசி அருமையாகிவிட்ட அந்நாள்களில், வீட்டைச் சுற்றியிருந்த மரவள்ளியும் கீரையும் எத்தனையோ உயிர்களைக் காத்தன. எங்கள் பக்கத்து முதியோர் அக்காலத்தைப் பேசும்போது சப்பானியரைப் பற்றிப் பேசுவதைவிட மரவள்ளியைப் பற்றியே மிகுதியாகப் பேசுவர்.

நான் மலைக்கு வந்தபோது என் அத்தையின் லயத்துப் பின்புறத்தைக் கண்டேன். சரிவை மூன்று படிகளாக வெட்டி, கல்லடுக்கி, மேல்படியில் பீன்சும் முள்ளங்கியும், நடுப்படியில் தக்காளியும், கீழ்ப்படியில் கீரையும் வைத்திருந்தார். வேலியில் சௌசௌ படர்ந்திருந்தது. அடுப்புச் சாம்பலும் மாட்டெருவுமே உரம். நாள் முழுதும் துரைமார் தேயிலையில் நின்ற கால்கள் மாலையில் அங்கே வந்து நிற்கும்போது களைப்பு மாறிவிடும் என்பார். தக்காளி, தோள்பகுதி பச்சையாகவும் கீழ்ப்பகுதி செம்மையாகவும், மடிப்பு மடிப்பாக இருக்கும். செடியிலேயே நன்கு நிறம் மாறிய பின்னரே பறிப்பார். கையில் பிட்டு உப்புத் தொட்டுத் தின்றால் புளிப்பும் இனிப்பும் ஒருசேர நாவில் நிற்கும்.

ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை விட வேண்டும். வீட்டோடு தோட்டமும் போகும். மாமாவும் அத்தையும் ஓய்வு பெற்றபோது அதுவே நிகழ்ந்தது. மூன்று படிகளையும் கல்லையும் பெயர்த்துச் செல்ல இயலாதன்றோ? அத்தை சேலை முனையில் ஒரு பிடி விதையை முடிந்துகொண்டு, குவாந்தான் பக்கம் கடலோரத்தில் வீடு வாங்கியிருந்த தம் மகனிடம் போய்ச் சேர்ந்தார். பகாங்கின் மலைமுனையிலிருந்து பகாங்கின் கடல்முனைக்கு ஒரு குடும்பத்தின் பெயர்ச்சி. அங்கே அவருக்குக் கிடைத்த மண், என் தாயாருக்குக் கிடைத்த அதே வெண்மணல்.

இரவின் குளிரும் மண்ணின் நோயும்

அத்தை மணலோடு நடத்திய போரைக் கூறுமுன், அறிவியல் கூறும் விடையைப் பார்ப்போம்.

ஃபிரிட்ஸ் வெண்ட் என்னும் டச்சுத் தாவரவியலார் முன்பு சாவகத்தில், இன்று போகோர் எனப்படும் ஊரின் தாவரத் தோட்டத்தில் பணியாற்றியவர். பின்னர்க் கலிபோர்னியாவுக்குச் சென்றார். பகல் வெப்பத்தையும் இரவு வெப்பத்தையும் தனித்தனியே மாற்றவல்ல கண்ணாடி வீடுகளில் தக்காளியை வளர்த்து, தம் முடிவுகளை 1944-இல் வெளியிட்டார். தக்காளி காய்பிடிப்பதைப் பெரிதும் முடிவு செய்வது இரவின் வெப்பமே என்பது அவர் கண்ட உண்மை. இரவு 15 முதல் 20 பாகை செல்சியசு வரை இருந்தால் காய் நன்கு பிடிக்கும். அதற்கு மேலே ஏற ஏறக் காய்பிடிப்புக் குறையும். கடும் வெப்பம் மகரந்தத்தைப் பழுதாக்குகிறது. கருவுறாத பூ காம்போடு உதிர்கிறது. கேமரன் மலையில் இரவு 15 பாகையை ஒட்டி இறங்குகிறது. தாழ்நிலத்தில் பெரும்பாலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. என் தாயாரின் செடிகள் ஏன் பூவை உதிர்த்தன என்பதற்கு இதுவே விடை. அவர் எக்குற்றமும் செய்யவில்லை.

இரண்டாவது இடர் மண்ணிலுள்ள நோய். காலையில் செழித்து நின்ற செடி மாலையில் பச்சை இலையோடு துவண்டு, இரண்டொரு நாளில் மடியும். இவ்வாடல் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை எர்வின் சுமித் என்னும் அமெரிக்க அறிஞர் 1896-இல் விளக்கினார். அதைக் கண்டறிய எளிய வழி உண்டு. வாடிய செடியின் தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிநீரில் தொங்கவிட வேண்டும். நோயானால் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை நீரில் இறங்கும். இதனை என் மாணவர்க்குக் காட்டியபோது, “செடி அழுகிறது ஐயா” என்றாள் ஒரு சிறுமி. கத்திரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் இந்நோய் தாக்குவதால், அவை நின்ற இடத்தில் அடுத்துத் தக்காளி வைத்தல் ஆகாது.

மூன்றாவது இடர் மணலுக்கே உரியது. மணல் நீரையும் உரத்தையும் தாங்கி வைப்பதில்லை. வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழு மணலில் எளிதில் பெருகும். நீர் ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் குறைந்தும் பாயும்போது, சுண்ணச்சத்து காய்க்குள் சரிவரச் சேராமல், காயின் அடிப்பகுதி கறுத்துத் தோலாகிவிடும்.

இவ்விடர்களை வெல்ல அறிஞர் முயன்றனர். 1971-இல் தைவானில் நிறுவப்பட்ட ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மேம்பாட்டு மையம், வெப்பத்தையும் வாடல் நோயையும் தாங்கும் தக்காளிகளை உருவாக்குவதைத் தன் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. வாடலைத் தாங்கும் கத்திரியின் வேர்ப்பகுதியில் தக்காளியின் தலைப்பகுதியை ஒட்டுக்கட்டும் முறையையும் அம்மையம் பரப்பிற்று. நம் நாட்டு மார்டி நிறுவனமும் எம்டி 1 போன்ற தாழ்நிலத் தக்காளி வகைகளை வெளியிட்டது.

மணலில் ஒரு மலை

அத்தை இவற்றுள் எதையும் படித்தவரல்லர். மூன்றாண்டு தோற்றுத்தான் கற்றார்.

முதலாண்டு, மலையிலிருந்து கொண்டுவந்த விதையை ஊன்றினார். செடி ஓங்கியது, பூ உதிர்ந்தது. இரண்டாமாண்டு, நிழற்பாங்கான இடத்தில் வைத்தார். ஒன்றிரண்டு காய் பிடித்தது. அடி கறுத்துப் போயிற்று. எஞ்சிய செடிகள் வாடல் நோயில் மடிந்தன. மலைவிதை அத்தோடு தீர்ந்தது. அவ்வாண்டு விடுமுறையில் நான் பார்க்கப் போனபோது, அவர் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். “நாப்பது வருசம் மண்ணுல நின்னேன், தம்பி. இந்த மண்ணு என்னைத் தெரியாதுங்குது” என்றார். அச்சொல் என்னை வருத்தியது.

மூன்றாமாண்டு, அண்டை வீட்டு மலாய்ப் பெண்மணி தம் வேலியில் தானே முளைத்த சிறுதக்காளியின் பழங்கள் சிலவற்றைக் கொடுத்தார். நெல்லிக்காய் அளவே இருக்கும். அச்சூட்டிலும் அது காய்த்திருந்தது. பெரும்பழ வகைகளைவிடச் சிறுபழ வகைகள் வெப்பத்தில் எளிதாகக் காய்பிடிக்கும் என்பதை ஆய்வாளரும் ஒப்புவர். அத்தை அவ்விதையை எடுத்துக்கொண்டார். கைமுறையை மட்டும் மலையிலிருந்து கொண்டுவந்தார். அவர் செய்தவற்றை வரிசைப்படுத்திக் கூறுகிறேன். வெப்பமும் மணலும் கூடிய இடத்தில் வாழ்வோர் எவரும் பின்பற்றலாம்.

மணலை முழங்காலளவு தோண்டி, அடியில் தேங்காய் உரிமட்டைகளைக் குழிப்பக்கம் மேலிருக்குமாறு நெருக்கி அடுக்கினார். மட்டை நீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடும். அதன்மேல் மட்கிய சாணம், இலைமட்கு, கரியாக்கிய உமி ஆகியவற்றை மணலோடு சரிபாதியாகக் கலந்து நிரப்பினார். கைப்பிடிச் சுண்ணாம்பையும் தூவினார். மணலைத் திருத்துவது ஒருமுறைப் பணியன்று. வெப்பநாட்டில் மட்கு விரைந்து கரையுமாதலால், ஒவ்வொரு பயிருக்கும் புதிதாக இட வேண்டும். நிலமில்லாதார் 20 லிட்டர் கொள்ளும் வாளியிலோ பையிலோ இதே கலவையை நிரப்பலாம். அது வாடல் நோயிலிருந்தும் பெருமளவு காக்கும்.

இடம், காலை வெயில் விழுந்து நண்பகலுக்குப்பின் சுவரின் நிழல் சாயும் கிழக்குப்புறம். சுவரில்லாத இடத்தில் தென்னங்கீற்றால் மெல்லிய பந்தல் போதும். செடியைச் சுற்றிக் காய்ந்த புல்லை நான்கு விரற்கடை தடிமனில் பரப்பினார். வெறுமணல் கொதிக்கும், மூடிய மணல் தணிந்திருக்கும். நீர் ஒரே வேளையில் குடம் குடமாக ஊற்றப்படவில்லை. காலையில் ஒருமுறை, மாலை சாய்வதற்குமுன் ஒருமுறை, அளவாக, நாள் தவறாமல், வேரடியில் மட்டும். இலை நனைந்தால் நோய் வரும். வரப்பில் செண்டுமல்லி வைத்தார். பூசைக்குப் பூவும் ஆயிற்று, நூற்புழுவும் அடங்கிற்று.

சாணமும் பிண்ணாக்கும் மிகுந்தால் செடி இலையாகவே ஓங்கும் என்பது அவர் மலையில் கண்டது. ஆகவே பூ தோன்றியதும் அவற்றைக் குறைத்து, விறகுச் சாம்பலைச் சிறிதளவு இட்டார். சாம்பலில் பொட்டாசுச் சத்து உண்டு. பழத்தின் சுவைக்கு அது வேண்டும். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் கொடி கட்டிய கயிற்றைச் சுண்டிச் சுண்டி விடுவார். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். அசைவு இருந்தால் மகரந்தம் எளிதில் கொட்டும். மலையில் காற்று செய்த வேலையை மணலில் அவர் விரல் செய்தது.

அவ்வாண்டு தை மாதத்தில் அவர் செடியில் பழம் தொங்கிற்று. கிண்ணம் நிறையப் பறித்துவந்து முதற்கிண்ணத்தை அண்டை வீட்டுப் பெண்மணிக்கே கொடுத்தார்.

சுவை எங்கே போயிற்று?

காய்ப்பது ஒன்று, சுவைப்பது வேறொன்று. அத்தையின் சிறுபழத்தை நான் உண்டபோது, சந்தைத் தக்காளியில் என்றோ இழந்த புளிப்பும் இனிப்பும் அதில் இருக்கக் கண்டேன். காரணம் தேடின் சில உண்மைகள் புலப்படும்.

நெடுந்தொலைவு செல்ல வேண்டிய பழம் நிறம் ஏறுமுன்பே பறிக்கப்படுகிறது. அடிபடாத தடித்த தோலும் ஒரே சீரான நிறமும் விலை பெறுகின்றன. மணம் விலை பெறுவதில்லை. பழம் முழுதும் ஒரே சீராக வெளிர்ந்து பழுக்கும் பண்பைத் தக்காளி வளர்ப்போர் பல பத்தாண்டுகளாக விரும்பித் தேர்ந்தனர். 2012-இல் வெளிவந்த ஆய்வொன்று, அப்பண்பைத் தரும் மரபணு மாற்றமே காயின் பச்சையத்தைக் குறைத்து, அதனால் பழத்தின் சர்க்கரையையும் குறைக்கிறது என்று காட்டிற்று. தோள்பகுதி பச்சையாய் இருக்கும் பழம் அழகில் குறைந்ததாகலாம்; இனிமையில் குறைந்ததன்று. தமிழ்நாட்டில் அன்னஞ்சி என்னும் ஊர்வகையிலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பிகேஎம் 1 தக்காளியும் பச்சைத் தோள் உடையதே. அங்கே ரசத்துக்கு நாட்டுத் தக்காளியே வேண்டும் என்று இன்றும் கேட்டு வாங்குவோர், அறிவியல் கூறுமுன்பே நாவால் அறிந்தவர்கள்.

பழத்தைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் கேடு. கடுங்குளிரில் கிடந்த தக்காளி மணம்தரும் பொருள்களை உண்டாக்கும் ஆற்றலை இழக்கிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு உறுதிப்படுத்தியது. மறுபுறம், 30 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் செடியிலேயே விட்டாலும் செந்நிறம் சரிவர ஏறாது. பழம் மஞ்சளாய் நின்றுவிடும். ஆகவே வெப்பநிலத்தில் காய் நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலான இடத்தில் கூடையில் பரப்பிப் பழுக்க வைப்பதே முறை. அத்தை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் முறத்தில் பரப்பி வைப்பார்.

மணலுக்கும் ஒரு நன்மை உண்டு. நீர் மிகுந்த பழம் பெருக்கும், சப்பென்றிருக்கும். அளவாய் நீர் பெற்ற பழம் சிறுக்கும், செறிந்திருக்கும். இசுரேலின் நெகேவ் பாலைவனத்தில் சற்றே உவர்ந்த நீர் பாய்ச்சி வளர்க்கும் தக்காளி இனிமை மிக்கதென்று பெயர் பெற்றுள்ளது. காய் முற்றிய பின் நீரைச் சிறிது குறைத்தால் நம் மணலும் அவ்வினிமையைத் தரும். அடியோடு நிறுத்தினால் செடி வாடும். பின் திடீரென நீர் பாய்ந்தால் பழம் வெடிக்கும். அளவறிதலே கலை.

மலையும் மாறி வருகிறது. இன்று அங்கே தக்காளி பெரும்பாலும் நெகிழிக் கூரைகளின் கீழே, தேங்காய் நார் நிரப்பிய பைகளில், சொட்டு சொட்டாய் விழும் உரநீரை உண்டு வளர்கிறது. விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் மரத்தை இழந்த சரிவுகளின் மண், மழைதோறும் மணலாய் இறங்கி ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதை மலைமக்கள் மறக்கவில்லை. தாழ்நிலத்தில் நாம் மணலை மண்ணாக்கப் பாடுபடுகிறோம். மலையிலோ மண்ணை மணலாக்கிக்கொண்டிருக்கிறோம்.

முடிவுரை

தோட்டப்புறங்களிலிருந்து நம் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்து பல்லாண்டுகள் ஆயின. பல லயங்கள் வெறிச்சோடின. என் பள்ளியிலும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. பெற்றோர் வேலை தேடி இறங்கும்போது பிள்ளைகளும் இறங்குகின்றனர். இதனைத் தடுக்க எவராலும் இயலாது, தடுப்பதும் முறையன்று. எந்தப் பிள்ளையும் கொழுந்துக் கூடையைச் சுமந்தே தீர வேண்டும் என்று நான் எண்ணவில்லை. ஆயின், இறங்கும்போது எதைக் கொண்டு செல்கிறோம், எதை விட்டுச் செல்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நிலம் நம்முடையதாய் இருந்ததில்லை, விட்டுவந்தோம். விதை மலையோடு நின்றுவிட்டது. எஞ்சியது கைமுறை ஒன்றே. பதினாறில் ஒரு பங்கு நிலத்தில் மூன்று தலைமுறையினர் பயின்ற அறிவு அது. இரவைக் கவனித்தல், நீரை அளத்தல், மண்ணை மூடுதல், தோற்றபின் அண்டை அயலாரிடம் கேட்டுக் கற்றல் என்னும் இவற்றைப் பறிக்க எவராலும் இயலாது. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் தானே அழியும்.

எங்கள் பள்ளித் தோட்டத்தில் இப்போது இரண்டு பாத்திகள் உள்ளன. ஒன்றில் மலைமண், மற்றொன்றில் தாப்பாவிலிருந்து லாரியில் ஏற்றிவந்த மணல். மலைமண் பாத்தியில் எவரும் தக்காளி வளர்ப்பர். மணல் பாத்தியில் வளர்த்துக் காட்டும் மாணவருக்கே ஆண்டிறுதியில் பரிசு. மலையில் இருந்துகொண்டு மணலில் ஏன் வளர்க்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டனர். நாளை உங்கள் பிள்ளைகள் வாழப்போகும் இடம் அதுவே என்றேன்.

என் தாயார் இன்று இல்லை. அவர் கேட்ட வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. அவரிடம் சொல்ல வாய்க்கவில்லை. ஆதலால் அவரைப்போல் மணலில் விதைத்து, பூ உதிர்வதைப் பார்த்து, தம் மீதே குற்றம் காணும் தாய்மார் அனைவருக்கும் இதனை எழுதுகிறேன். குற்றம் உங்களுடையதன்று. மீண்டும் விதையுங்கள்.